ஆண்டுதோறும் ஒரு அழைப்புக் கிண்ணம்: கொழும்பில் தொடங்குவோம்

12.09.2024, ஒரு வாசகரின் கேள்வி

"ஆசியக் கிண்ணத் தகுதிகாணில் இலங்கை உதைபந்தாட்ட அணி கம்போடியாவை பெனல்டியில் வென்றதும் எல்லாரும் மறுபடியும் நாலு நாடுகள் கிண்ணம் வேண்டும் என்று தொடங்கிவிட்டார்கள். அழைப்புச் சுற்றுப்போட்டி என்பது காசைக் கரைக்கும் வேலை. 2021-ல் வைத்தோமே, என்ன கிடைத்தது? சீசெல்சிடம் தோற்றதுதான் மிச்சம். தென்னாசிய நாடுகள் மோதும் சாஃப் கிண்ணம் ஒன்று போதும். ஆண்டுதோறும் வேண்டும் என்பவர்கள் காரணம் சொல்லட்டும்."

12.09.2024, இரவு

காரணம் சொல்கிறேன் தம்பி. சாஃப் போதும் என்ற இடத்திலிருந்தே தொடங்குவோம்.

2018 டாக்கா சாஃப் நினைவிருக்கிறதா? எங்கள் பிரிவில் மூன்றே அணிகள். இந்தியாவிடம் 2-0 என்று தோற்றோம். மாலைதீவுடன் 0-0. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 2-0 தோல்வி. புள்ளி, அடித்த கோல், வாங்கிய கோல் எல்லாம் சமம். கடைசியில் நாணயத்தைச் சுண்டினார்கள். மாலைதீவு அரையிறுதிக்குப் போனது, நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அதே மாலைதீவு இறுதியாட்டத்தில் இந்தியாவை 2-1 என்று வென்று கிண்ணத்தையும் தூக்கியது.

நாணயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. விதி அப்படி. ஆனால் அடுத்த சாஃப் எப்போது வந்தது? 2021-ல். இரண்டு மெட்ச், மூன்று வருடக் காத்திருப்பு. இருபது வயதில் டாக்காவில் ஆடிய பொடியனுக்கு அடுத்த வாய்ப்பு இருபத்து மூன்றில். இதை வைத்துக்கொண்டு ஒரு தேசிய அணியை எப்படிக் கட்டுவது?

சாஃபின் கால அட்டவணையையும் பாருங்கள். 1993 லாகூர், 95 கொழும்பு, 97 காத்மண்டு, 99 கோவா என்று ஒழுங்காக வந்தது. பிறகு 2003. பிறகு 2005, 2008, 2009 என்று நினைத்த நேரத்தில். 2023 பெங்களூருவில் நடந்தபோது நாங்கள் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபாவின் இடைநிறுத்தத்தில் இருந்தோம், போகவே முடியவில்லை. அந்தத் தடவை குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்து ஆடின. நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஆகவே என் காரணம் ஒன்றுதான்: மெட்ச் போதாது. எங்கள் தரத்தில் இருக்கும் அணிகளோடு, எங்கள் மண்ணில், வருடம் தவறாமல் மெட்ச் வேண்டும்.

13.09.2024

நேற்று 2021 பற்றி எழுதாமல் விட்டேன். அதைத் தனியாக எழுத வேண்டும் என்றுதான் விட்டேன்.

அந்த ஒக்டோபரில் மாலேயில் சாஃப். பங்களாதேஷிடம் 1-0 தோல்வி. நேபாளத்திடம் 3-2 தோல்வி. இந்தியாவுடன் 0-0. மாலைதீவிடம் 1-0 தோல்வி. நவம்பரில் அதே பங்களாதேஷும் அதே மாலைதீவும் சீசெல்சுடன் சேர்ந்து நாலு நாடுகள் கிண்ணத்துக்காகக் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தன. ஒக்டோபரில் எங்களை வென்ற மாலைதீவோடு, பின்தங்கியிருந்து வசீம் ராசிக்கின் கோல்களால் 4-4 என்று முடித்தோம். ஒக்டோபரில் எங்களை வென்ற பங்களாதேஷை 2-1 என்று வென்றோம். இரண்டு தொடர்களுக்கும் இடையில் சில கிழமைகள்தான். ஆட்கள் மாறவில்லை, பயிற்றுவிப்பாளர் மாறவில்லை. அடுத்தடுத்து மெட்ச் கிடைத்தது, அணி ஒன்றுசேர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இறுதியாட்டம் 3-3. பெனல்டியில் 6-5 என்று சீசெல்ஸ் எடுத்தது. அவர்கள் ஒரு லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம், நாங்கள் இரண்டு கோடிக்கு மேல் என்று எழுதிக் கேலி செய்தவர்கள் இருக்கிறார்கள். சீசெல்ஸ்காரர்களும் ஆட வந்தவர்கள்தான், ஐயா. தங்கள் நாட்டுக்கு ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று நின்று ஆடினார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தேநீர்க் கடையில் ஒரு தொலைபேசித் திரையைச் சுற்றி நின்று அந்த பெனல்டிகளைப் பார்த்தோம். தோற்ற பிறகு யாரும் உடனே கலையவில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் கடைக்கார அண்ணன். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. நான் கேட்பதும் அதைத்தான்.

13.09.2024, பின்னிரவு

இன்னொன்று. பங்களாதேஷ் அதே தொடரில் மாலைதீவை 2-1 என்று வென்றது. 2003-க்குப் பிறகு மாலைதீவுக்கு எதிராக அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. ஆகவே பயன் எங்களுக்கு மட்டும் இல்லை.

15.09.2024

கிண்ணத்தின் பெயரைப் பற்றி ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். 2021-ல் பதவியில் இருந்த பிரதமரின் பெயரில்தான் அந்தக் கிண்ணம் வைக்கப்பட்டது. 2022 மே மாதம் அவர் பதவி விலகினார். அந்த வருடம் நாடு எரிபொருள் வரிசையில் நின்றது, 2023 ஜனவரியில் பீபாவின் இடைநிறுத்தம் வந்தது, ஓகஸ்டில்தான் நீங்கியது. அந்த நிலையில் எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் நடத்தியிருக்க முடியாது. அது உண்மை. ஆனால் இப்போது மறுபடி தொடங்கப் போனால் பெயரிலேயே முட்டுப்படும். பதவியில் இருப்பவரின் பெயரை வைத்தால் அடுத்து வருபவர் அதைத் தொடர விரும்ப மாட்டார். கட்சி எதுவானாலும் இதுதான் நடக்கும்.

ஊரின் பெயரை வையுங்கள். கொழும்புக் கிண்ணம் என்று. அப்படி ஒன்று இருந்தது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

18.09.2024

பலர் கேட்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1952-ல் கொழும்பில் ஒரு நாற்கோண உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்தது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா. கொழும்புக் கிண்ணம் என்ற பெயர் அதற்குத்தான். 1953-ல் ரங்கூன், 1954-ல் கல்கத்தா, 1955-ல் டாக்கா. நாலு வருடம், நாலு நகரம், ஒரு வருடம்கூடத் தவறவில்லை. விமானப் பயணம் அரிதாக இருந்த காலம், தொடங்கியபோது நாலு நாடுகளும் சுதந்திரம் பெற்று ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அப்போதே செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதல் கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. அந்த இரண்டு நாடுகளும் உதைபந்தாட்டத்தில் முதல்முறை மோதியதும் இங்கேதான், கொழும்பில். 0-0. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் இரண்டு அணிகளும் மூன்றாவது ஒரு நாட்டின் புல்லில் நின்று ஆடியிருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். மற்ற மூன்று கிண்ணங்களையும் இந்தியா தனியாக எடுத்தது.

எங்களுக்கு வெற்றி சேரவில்லைதான். இலங்கையின் முதல் சர்வதேச ஆட்டமே அந்த 1952-ல் இந்தியாவிடம் 2-0 தோல்வி. ஆனால் எதிரே நின்றது யார்? 1951 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணி. அதே இந்தியா 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். அங்கிருந்து 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இடையில் என்ன நடந்தது என்று பார்த்தால், வருடாவருடம் இந்தக் கிண்ணமும் நடந்திருக்கிறது. ஒரு கிண்ணத்தால் மட்டும் அது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை, சப்பாத்தும் பயிற்சியும் சேர்ந்துதான். பர்மாவையும் பாருங்கள்: 1966-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1970-ல் தென் கொரியாவுடன் பகிர்ந்த தங்கம்.

எங்களுக்குப் பிறகு தொடங்கியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மலேசியாவின் மெர்டேக்கா கிண்ணம் 1957-ல் சுதந்திரத்தோடு பிறந்தது. தாய்லாந்தின் மன்னர் கிண்ணம் 1968-ல். மெர்டேக்கா 2013-க்குப் பிறகு பத்து வருடம் நின்றுபோய், 2023-ல் மறுபடி எழுந்தது. பெயர் உயிரோடு இருந்ததால் எழுப்ப முடிந்தது. எங்களுடையது அவை இரண்டையும் விட மூத்தது. பெயரே மறந்துவிட்டது.

18.09.2024

"பழங்கதை சோறு போடுமா?" என்று உடனே ஒரு பதில். போடாது. வேலைக்கு ஆகிற கணக்கு ஒன்று எழுதுகிறேன், பொறுங்கள்.

22.09.2024

கணக்கு இது. பீபா தரவரிசை 2018-லிருந்து சதுரங்கத்தில் இருக்கும் முறை மாதிரி ஒரு முறையில் போகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எடை உண்டு. சர்வதேச நாட்களுக்கு வெளியே ஆடும் நட்பு ஆட்டத்துக்கு 5. அந்த நாட்களுக்குள் ஆடினால் 10. உலகக் கிண்ணத் தகுதிகாண், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் என்றால் 25.

எங்களை விட 100 புள்ளி மேலே இருக்கும் அணி ஒன்றை நட்பு ஆட்டத்தில் வென்றால் சுமார் 6 புள்ளி கிடைக்கும். சமநிலை என்றால் 1. தோற்றால் 4 போகும். அதே அணியைத் தகுதிகாணில் வென்றால் 15, தோற்றால் 10 போகும். பெனல்டியில் முடிந்தால், வென்றவருக்கு முக்கால் வெற்றி, தோற்றவருக்குச் சமநிலைக் கணக்கு. எத்தனை கோல் வித்தியாசம் என்பது கணக்கிலேயே இல்லை. தென் கொரியா 2019-ல் எங்களுக்கு 8-0 அடித்ததும் ஒன்றுதான், 1-0 அடித்திருந்தாலும் ஒன்றுதான்.

இதிலிருந்து எனக்கு என்ன தெரிகிறது? அழைப்புக் கிண்ணத்தால் தரவரிசையில் தாவ முடியாது. எடை சின்னது. 200-ஐத் தாண்டிக் கீழே கிடந்த அணி மூன்று நட்பு ஆட்டங்களை வென்று எங்கேயும் போய்விடாது. ஆனால் தோற்றாலும் பெரிதாக எதுவும் போகாது. புதிய பொடியன்களை இறக்கிப் பார்க்கலாம், தோற்றுப் படிக்கலாம். எடை 25 இருக்கும் இடத்தில் போய்ப் படிக்க முடியுமா? கம்போடியாவோடு இங்கே 0-0, அங்கே 2-2, பிறகு பெனல்டி. அந்த பெனல்டியை உதைக்கப் போன கால்களுக்கு அதற்கு முன் அப்படி ஒரு நெருக்கடி எங்கேயாவது கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு தம்பி சொல்கிறார், இந்த மார்ச்சில் பீபா தொடர் கொழும்பில் நடந்ததே, அது போதாதா என்று. நல்ல தொடர். பப்புவா நியூகினியுடன் 0-0, பூட்டானை 2-0 என்று வென்றோம். மத்திய ஆபிரிக்கக் குடியரசும் வந்திருந்தது. பப்புவா நியூகினியும் இலங்கையும் கொழும்பில் ஆடுவதை நான் என் வாழ்நாளில் காண்பேன் என்று நினைத்ததில்லை. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்வது பீபா. எங்கள் கையில் இருக்கிற ஒன்று வேண்டும்.

28.09.2024

அழைப்புப் போட்டி என்றாலே காட்சிப் போட்டி என்று நினைப்பவர்கள் ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குப் போய் வர வேண்டும்.

என் மனைவியின் ஊர் இளவாலை. போருக்குப் பிறகு விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் நடந்துகொண்டிருக்கும். இறந்துபோன ஒரு வீரரின் பெயரில், ஒரு ஆசிரியரின் பெயரில், கழகத்தின் ஆண்டு விழாவுக்கென்று. யங் ஹென்றீசியன்ஸ், நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல் என்று பெயர் போட்ட நோட்டீஸ் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். மின்னொளியில் ஆட்டம். ஒலிபெருக்கியில் வர்ணனை. கோட்டுக்கு ஒரு அடி தள்ளிச் சனம் நிற்கும், பக்கக் கோட்டு உதவி மத்தியஸ்தர் ஓடுவதற்கே இடமிருக்காது. தோற்ற கழகத்தின் பொடியன்கள் அழுதுகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். காட்சிப் போட்டியில் யாரும் அழ மாட்டார்கள்.

அங்கே எல்லாரும் எல்லாரையும் அழைக்கிறார்கள். நீ என் கிண்ணத்துக்கு வா, நான் உன் கிண்ணத்துக்கு வருகிறேன். வருடம் முழுக்க ஏதாவது ஒன்று ஓடும். வடக்கின் கழகங்களில் ஆடிய பொடியன்கள் தேசிய அணி வரை வந்ததற்கு அந்த மண் மைதானங்களுக்கும் பங்குண்டு.

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கழகத்துக்கு இடது பின்வரிசையில் ஆடிய காலத்தில், கொழும்புக்கு வெளியே ஒரு அழைப்புச் சுற்றுப்போட்டிக்குப் போனோம். எட்டு அணிகள். போட்டி அட்டவணை முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் வேறொன்று. எங்களுக்குக் காலையில் ஒரு மெட்ச், உச்சி வெயிலில் இன்னொன்று. அழைத்த கழகத்துக்கு மட்டும் இடையில் ஒரு முழு நாள் ஓய்வு. கேட்டபோது, "நாங்கள்தானே நடத்துகிறோம்" என்றார்கள். அரையிறுதியில் அவர்களோடு மோதினோம். எங்கள் நடுவரிசை ஆள் ஒருவர் தசைப்பிடிப்பில் எழும்பவே முடியாமல் கிடந்தார். தோற்றோம். அடுத்த வருடம் அழைத்தார்கள், நாங்கள் போகவில்லை. அதற்கடுத்த வருடம் அந்தக் கிண்ணமே இல்லை. மற்றக் கழகங்களும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அழைப்புக் கிண்ணம் சாவது இப்படித்தான். காசில்லாமல் நிற்பதை விட, வந்தவர் இனி வரமாட்டேன் என்று நிற்பதுதான் அதிகம். ஆகவே விதி முதலில் வேண்டும்: அட்டவணை மூன்று மாதம் முன்பே எழுத்தில், எல்லா அணிக்கும் ஒரே ஓய்வு நாள், மத்தியஸ்தர்கள் ஆடாத நாடுகளிலிருந்து.

29.09.2024

மேலே எழுதியதற்கு ஒரு அக்கா பதில் போட்டிருந்தார், தன் தம்பி அப்படி ஒரு கிண்ணத்தில் வாங்கிய வெண்கலப் பதக்கத்தை இன்னும் சாமி அறையில் வைத்திருக்கிறாராம். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நன்றி அக்கா.

03.10.2024

1995 பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவருக்கு.

நான் அப்போது பள்ளிக்கூடப் பொடியன். தென்னாசியத் தங்கக் கிண்ணம் என்று அப்போது பெயர். சுகததாச விளையாட்டரங்கு. இறுதியில் இந்தியாவை மேலதிக நேரத்தில் 1-0 என்று இலங்கை வென்றது. தங்க கோல் முறை இருந்த காலம், அடித்ததும் ஆட்டம் முடிந்தது. இன்று வரை எங்களுக்கு இருக்கும் ஒரே தென்னாசியப் பட்டம் அதுதான்.

அந்த வருடத்தின் முதல் மாதங்களில் போர்நிறுத்தம் இருந்தது. ஏப்ரல் நடுவில் முறிந்துபோனது. இடையில் கிடைத்த அந்தச் சில வாரங்களுக்குள்தான் இந்தக் கிண்ணம் வந்தது. சுகததாசவின் சத்தம் எங்கள் ஒழுங்கை வரை கேட்கும். அப்பா பொதுவாக மாலையில் எங்களை வெளியே விடமாட்டார், அடையாள அட்டை, சோதனைச் சாவடி என்று ஆயிரம் பயம். அன்று அவரே சந்திக்கு வந்து நின்று, யாரென்றே தெரியாத சிங்களப் பொடியன்களோடு சேர்ந்து கைதட்டினார். அவர் எதற்காகவும் அப்படிக் கைதட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு 2008. சாஃபை மாலேயும் கொழும்பும் சேர்ந்து நடத்தின. அரையிறுதியில் மாலைதீவு எங்களை 1-0 என்று வெளியேற்றியது. நான் போயிருந்தேன். இறுதியில் மாலைதீவு இந்தியாவை 1-0 என்று வென்றது, அவர்களுடைய முதல் பட்டம். கொழும்பில் படிக்கவும் மருத்துவத்துக்கும் வந்து தங்கியிருக்கும் மாலைதீவுக் குடும்பங்கள் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நிறைய உண்டு. அன்று அவர்கள் எல்லாரும் சுகததாசவில் இருந்த மாதிரி இருந்தது. எங்கள் அணி இல்லாத இறுதிக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மாலைதீவை அழைத்தால் பார்வையாளர்களில் ஒரு பகுதி ஏற்கனவே இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள்.

10.10.2024

எந்த மாதம் என்ற கேள்விக்கு வருவோம். இன்று மாலை இங்கே கொட்டிய மழையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பீபாவின் சர்வதேச நாட்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், ஒக்டோபர், நவம்பரில் வருகின்றன. அந்த நாட்களில்தான் வெளிநாட்டுக் கழகங்கள் ஆட்களை விட்டே ஆக வேண்டும். பேர்லினில் பிறந்த வசீம் ராசிக், சுவீடன் கழகங்களில் ஆடிய ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள் இலங்கைச் சட்டை போட இந்த நாட்கள்தான் வழி. ஜூனிலும் செப்டம்பரிலும் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி மழை, ரேஸ்கோர்ஸ் புல்லில் பந்து உருளாமல் நிற்கும். மிஞ்சுவது மார்ச். மார்ச்சிலும் சில மாலைகளில் மழை உண்டு, ஆனால் தாங்கலாம்.

2026-லிருந்து செப்டம்பரையும் ஒக்டோபரையும் சேர்த்து ஒரே நீண்ட இடைவெளியாக்கப் போகிறார்கள், நாலு ஆட்டம் வரை ஆடலாம். நாலு அணிகள் தலா மூன்று மெட்ச், பிறகு இறுதி. அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. ஆனால் தகுதிகாண் ஆட்டங்களும் அதே நாட்களில் வரும், மழையும் வரும். இதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. மார்ச் பக்கமே சாய்கிறேன்.

10.10.2024

மைதானம்? ரேஸ்கோர்ஸ்தான். சுகததாசவில் இருபதாயிரத்துக்கு மேல் உட்காரலாம், ஆனால் ஓட்டத் தடம் சுற்றி இருப்பதால் பந்து தூரத்தில் தெரியும். ரேஸ்கோர்சில் வீரர்கள் கத்துவது கேட்கும்.

20.10.2024

யாரை அழைப்பது என்பதில் இங்கே பெரிய சண்டை. தமிழ்நாட்டு அணியை, கேரள அணியை அழைக்கச் சொல்கிறார்கள். சனம் வரும், நானும் முதல் ஆளாக வருவேன். ஆனால் மாநில அணியோடு ஆடுவது பீபா கணக்கில் சேராது, வெளிநாட்டுக் கழகங்கள் அதற்கு ஆட்களை விடவும் மாட்டா. அதை வேறொரு கிண்ணமாக வேறொரு மாதத்தில் வைக்கலாம்.

இந்தியா வேண்டுமா? டிக்கெட் விற்கும். ஆனால் அவர்கள் தங்கள் முதல் அணியை ஒவ்வொரு வருடமும் அனுப்புவார்களா? அனுப்பாவிட்டால் கிண்ணத்தின் மதிப்புக் குறையும். எங்கள் தரத்துக்குக் கிட்ட இருப்பவர்களை அழைக்க வேண்டும். மாலைதீவு, நேபாளம், பூட்டான். நேபாளம் வந்தால் ஆட்டம் வேகமாக இருக்கும். பூட்டானை நாங்கள் வெல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும், அந்தக் கட்டாயத்துக்குள் ஆடிப் பழகுவதும் தேவை.

இதை எழுதும்போதே இன்னொரு யோசனை வருகிறது. செப்டம்பரில் நான் கொழும்பில் ஆண்டுதோறும் என்றுதான் வாதாடினேன். 1952-ஐப் பற்றித் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு, சுழற்சிதான் சரி என்று தோன்றுகிறது. ஒரு வருடம் கொழும்பு, அடுத்தது மாலே, அடுத்தது காத்மண்டு, அடுத்தது திம்பு. நடத்தும் செலவு நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் ஒருவர் தலையில் விழும். ஒரு நாட்டில் பிரச்சினை வந்தால் மற்ற மூன்றும் கிண்ணத்தை இழுத்துப் போகும். 2019-ல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு மக்காவ் அணி தகுதிகாண் ஆட்டத்துக்கு இங்கே வர மறுத்தது நினைவிருக்கும். எங்களுக்கு 3-0 என்று கொடுத்தார்கள். ஆட்டம் நடக்கவில்லை. சுழற்சி இருந்தால் அப்படியான வருடத்திலும் எங்கள் பொடியன்கள் எங்காவது ஆடியிருப்பார்கள்.

எனக்கு கொழும்பில் பார்க்கத்தான் ஆசை. ஆனால் வருடம் தவறாமல் நடப்பது அதைவிடப் பெரிது.

21.10.2024

"திம்புவின் உயரத்தில் மூச்சு முட்டும்" என்று எழுதியவருக்கு: முட்டட்டும். மார்ச் வெயிலில் கொழும்பில் அவர்களுக்கும் முட்டும்.

09.12.2024

இன்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் இறுதிச் சுற்றுக் குலுக்கல். தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீனத் தாய்ப்பே (தாய்வான்). ஆறு ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் எடை 25. கம்போடியாவை வென்ற அந்த பெனல்டிகளால்தான் இந்த ஆறும் கிடைத்தன.

முதல் ஆட்டமே மார்ச்சில் தாய்லாந்தில். மன்னர் கிண்ணத்தை 1968-லிருந்து நடத்தி வருபவர்கள். பெரும்பாலும் வருடாவருடம் யாரையாவது வீட்டுக்கு அழைத்து ஆடிப் பழகியவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று பார்க்கப் போகிறோம். எங்கள் பொடியன்கள் நன்றாக நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

11.12.2024

முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "சரி, வைப்பதென்றே வையுங்கள், காசு?" என்கிறார். நியாயமான கேள்வி.

சுழற்சி முறையில் ஒவ்வொரு அணியும் தன் விமானச் செலவைத் தானே பார்க்க வேண்டும், நடத்தும் நாடு தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பஸ். கொழும்பிலிருந்து மாலேக்கு ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. மற்ற நகரங்களும் ஆசியாவுக்குள்தான். ரேஸ்கோர்சில் ஒரே நாளில் இரண்டு மெட்ச் வைத்தால், ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம். முதல் மெட்ச் நாலு மணிக்கு, எங்கள் மெட்ச் ஏழு மணிக்கு, வேலை முடிந்து கோட்டையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் பிடித்து வரும்படி. பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிகளுக்கு இலவசம், பயிற்றுவிப்பாளரோடு வந்தால். ஹமீத் அல் ஹுசைனி, சாஹிரா, சென். பெனடிக்ட் பொடியன்கள் ஒரு பக்கத்தையே நிரப்புவார்கள்.

கிண்ணத்தில் ஆளின் பெயர் வேண்டாம், அனுசரணையாளரின் பெயர் சட்டையில் இருக்கட்டும். அட்டவணையை மூன்று மாதம் முன்பே நாலு சம்மேளனங்களும் கையெழுத்துப் போட்டு வெளியிட வேண்டும்.

12.12.2024

நேபாளத்துக்குப் பதிலாக பங்களாதேஷ் என்று கேட்டவருக்கு: எனக்கு ஆட்சேபம் இல்லை. 2021 ரேஸ்கோர்ஸ் தோல்விக்கு எங்களோடு ஒரு மெட்ச் பாக்கி இருக்கிறது என்றுதான் அவர்களும் நினைப்பார்கள். ஐந்து அணி என்றால் அட்டவணை நீளும், சர்வதேச நாட்களுக்குள் அடங்காது. நாலோடு நிறுத்துவோம்.